லா ஷப்பல் பிள்ளையாரிடம் ஒரு டென்மார்க் வேட்பாளர்

பாரிஸ் போகிறேன், அங்கே தமிழர் கடைவீதியான லா ஷப்பலில் எங்கே சாப்பிடலாம், கோயிலுக்கு எப்படிப் போவது என்று வாரத்துக்கு ஒருவராவது எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள். பதில் இந்தக் கட்டுரையின் கடைசியில் இருக்கிறது. அவசரக்காரர்கள் நேரே அங்கே தாவிவிடலாம். மற்றவர்கள் என்னோடு 1987 செப்டம்பருக்கு வாருங்கள். நான் முதல்முறை லா ஷப்பல் போனது அப்போதுதான். அந்த மூன்று நாளில் நான் அதிர்ந்தது போல அதற்கு முன்னும் அதிர்ந்ததில்லை, பின்னும் அதிர்ந்ததில்லை.

அப்போது நான் டென்மார்க்கின் வடக்கே ஆல்போர்க் நகரில் வேலை பார்த்தேன். சிமெண்ட் ஆலைக்கு இயந்திரம் செய்யும் ஒரு நிறுவனம், திருச்சியிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு போயிருந்தது. போய் நான்கு வருடம் ஆகியிருந்ததால் டேனிஷ் ஓரளவு வாயில் வந்துவிட்டது. அந்த செப்டம்பரில் அங்கே நாடாளுமன்றத் தேர்தல். தேர்தல் என்றால் நம் ஊர் மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒலிபெருக்கி கிடையாது, ஊர்வலம் கிடையாது, தோரணம் கிடையாது. விளக்குக் கம்பங்களில் வேட்பாளர்களின் முகங்கள் தொங்கும், அவ்வளவுதான். சனி, ஞாயிறில் கடைத்தெருவில் வேட்பாளரே ஒரு மேசை போட்டு நின்று, போகிறவர் வருகிறவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுப்பார். இதைப் போய் ஒரு தேர்தல் என்கிறார்களே என்று சலித்துக்கொண்டுதான் நான் ஐந்து நாள் லீவு போட்டேன். வாக்குரிமை இல்லாதவனுக்கு அங்கே என்ன வேலை?

ஆல்போர்க்கில் எனக்குத் தெரிந்த ஒரே தமிழர் தவராசா. யாழ்ப்பாணத்துக்காரர், மீன் தொழிற்சாலையில் இரவு வேலை. ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்து தமிழில் பேசியவர். அவருக்கு டென்மார்க்கில் அகதி அந்தஸ்து கிடைத்திருந்தது, ஆனால் வெளிநாடு போகும் பயணக் காகிதம் இன்னும் வரவில்லை. அவர் மனைவி செல்வராணியை டென்மார்க்குக்குக் கூட்டிவருவதாகச் சொன்ன பயண ஏஜென்ட், பாதி வழியில் பாரிஸில் இறக்கிவிட்டுக் கைகழுவிவிட்டான். அந்தப் பெண் ஒன்றரை வருடமாக லா ஷப்பலில் இருந்தார். கணவன் டென்மார்க்கில், மனைவி பிரான்சில். நடுவில் ஒரு ராத்திரி ரயில் பயணம். ஆனால் இரண்டு பேர் கையிலும் அந்த ரயிலில் ஏறுவதற்கான காகிதம் இல்லை.

நான் பாரிஸ் போகிறேன் என்று தெரிந்ததும் தவராசா ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே பெண்கள் போடும் பூட்ஸ், உள்பக்கம் முழுக்கக் கம்பளி ரோமம். "பனிக்காலம் வரப்போகுது அண்ணை. அவ இஞ்சை வந்து இறங்கேக்கை காலிலை ஒண்டும் இல்லாமல் நிக்கக்கூடாது" என்றார். அவ வருவது நிச்சயமா என்று கேட்டேன். "எங்கடை ஆள் வெண்டால் நிச்சயம்" என்றார். எந்த ஆள், எதில் வெல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

சனிக்கிழமை மாலை ஆல்போர்க்கில் ஏறினேன். ஹாம்பர்க்கில் ஒரு மாற்றம், கொலோனில் இன்னொரு மாற்றம், ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குப் பாரிஸ் வட நிலையம். தூரம் சுமார் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். போக வர டிக்கெட் அன்றைக்கு ஆயிரத்து நானூறு குரோனர், அதாவது கிலோமீட்டருக்கு ஒரு குரோனர் கூட இல்லை. இந்தியக் கடவுச்சீட்டில் ஜெர்மனிக்கு ஒன்று, பெல்ஜியத்துக்கு ஒன்று, பிரான்சுக்கு ஒன்று என்று மூன்று விசா குத்தியிருந்தேன். இப்போது ஷெங்கன் விசா ஒன்றே போதும் என்று அலட்டிக்கொள்ளும் இளைஞர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

வட நிலையத்திலிருந்து லா ஷப்பலுக்கு மெட்ரோ எடுப்பது வீண். வெளியே வந்து போபூர் சாந்தெனி தெருவில் வடக்கே பத்து நிமிடம் நடந்தால் வலப்பக்கம் ரூ காய், அதாவது காய் தெரு. இன்று அந்தத் தெருவில் புடவைக் கடையும் நகைக் கடையும் மளிகைக் கடையும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. அன்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று மணியண்ணையின் கடை. முன்னால் மளிகை, பின்னால் நான்கு மேசை போட்ட சாப்பாட்டுக் கடை. செல்வராணி அங்கேதான் சமையலில் இருந்தார். நான் தெருமுனைப் பாலத்தின்மேல் போகும் மெட்ரோவின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்து, ஆல்போர்க்கிலிருந்து வருகிறேன் என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் கையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"டென்மார்க்கோ? இருங்கோ தம்பி, இருங்கோ!" மணியண்ணை நாற்காலியை இழுத்துப் போட்டார். ஐம்பது வயது இருக்கும், பேசும்போது கையில் இருக்கும் கரண்டியும் சேர்ந்து பேசும். "என்ன மாதிரி நிலைமை? இருக்கிற அரசாங்கம் தப்புமோ? சின்னக் கட்சியள் எந்தப் பக்கம் சாயும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆல்போர்க்கில் என்னோடு வேலை செய்கிற டேனிஷ்காரர்களே இப்படிக் கேட்டதில்லை. எனக்கு ஒன்றும் தெரியாதுங்க என்றேன். அவர்கள் விடவில்லை. ஒருவருக்குத் தம்பி அங்கே, ஒருவருக்கு மச்சான் அங்கே. டேனிஷ் கட்சித் தலைவர்களின் பெயர்கள் அவர்கள் வாயில் சித்தப்பா பெரியப்பா பெயர் போல வந்து விழுந்தன. எந்தக் கட்சி அகதிகளின் குடும்பத்தை வரவிடும், எது கதவைச் சாத்தும் என்று இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து சண்டை. பிரான்ஸ் நாட்டில், யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடையில், புட்டுக்கும் மீன் குழம்புக்கும் நடுவில் டென்மார்க் நாடாளுமன்றம் நடந்துகொண்டிருந்தது. சாப்பாடு இருபத்திரண்டு பிராங்க். மணியண்ணை என்னிடம் காசு வாங்கவில்லை. டென்மார்க் நிபுணர் என்று நினைத்திருப்பார்.

செல்வராணி பின்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இருபத்தாறு வயது, ஒல்லி, அதிகம் சிரிக்காத முகம். பூட்ஸ் பெட்டியைக் கொடுத்தேன். திறந்து பார்த்தார், உள்ளே கை விட்டு ரோமத்தைத் தடவிப் பார்த்தார், மூடி வைத்துவிட்டார். பிறகு நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து தன் கதையைச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் இந்தத் தேர்தல் விளையாட்டு இல்லை என்று எனக்கு உறைத்தது.

அவர் பிரான்சில் அகதி அந்தஸ்து கேட்டு விண்ணப்பித்திருந்தார். அதற்கான நேர்காணல், அவர்கள் பேச்சில் 'ரந்தேவு', வரும் புதன்கிழமை காலை. டென்மார்க்கில் தேர்தல் அதற்கு முந்தின நாள், செவ்வாய். புதனன்று போய்ப் பிரான்சில் அகதி அட்டை வாங்கிவிட்டால், உனக்குத்தான் ஒரு நாடு கிடைத்துவிட்டதே என்று டென்மார்க் கதவைச் சாத்திவிடும். போகாவிட்டால் பிரான்சில் கோப்பை மூடிவிடுவார்கள். டென்மார்க்கும் விடவில்லையென்றால் அவருக்கு இருக்க இடமே இல்லை. ஊருக்குத் திரும்புவது என்றால் 1987இல் எந்த ஊருக்கு என்று உங்களுக்கே தெரியும். கல்யாணமாகி அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது ஐந்து மாதம்.

"எங்கடை ஆள் வெண்டால் நான் புதன்கிழமை போகமாட்டன், அண்ணை. வெல்லாட்டில் போவன்" என்றார்.

எங்கடை ஆள் யார் என்று இப்போதாவது கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எடுப்பது போல உடனே பதில் வந்தது. ஹோல்கர். ஆல்போர்க் வேட்பாளர். ஒரு சனிக்கிழமை கடைத்தெருவில் தவராசாவைக் கூப்பிட்டு, கை குலுக்கி, காப்பி ஊற்றிக் கொடுத்து, எந்த ஊர், என்ன வேலை, குடும்பம் எங்கே என்று கேட்டாராம். வீட்டுத் தொலைபேசி எண் போட்ட அட்டையும் கொடுத்தாராம். அந்த எண்ணைத் தவராசா இவருக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பியிருந்தார். தவராசாவுக்கு அவ்வளவு போதும். நம் ஊரில் தொகுதிக்கு ஒரு எம்பி, அவர் எந்தக் கட்சியானாலும் நம் எம்பி. வேலைக்கும் பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்போம். அதே கணக்கை அப்படியே டென்மார்க்குக்குக் கொண்டுபோய்விட்டார் மனுஷன். ஹோல்கரின் கட்சி என்ன சொல்கிறது என்று புருஷனும் கேட்கவில்லை, பெண்டாட்டியும் கேட்கவில்லை. நான் அந்த முகத்தை விளக்குக் கம்பத்தில் தினமும் பார்த்தவன். எனக்கும் தெரியாது.

"அவருக்குப் பிள்ளையாரிட்டை நேர்ந்திருக்கிறன். செவ்வாய்க்கிழமை காலமை அர்ச்சனை. ஐயர் நட்சத்திரம் கேக்கிறார்" என்றார் செல்வராணி.

இன்று ரூ பஜோலில் இருக்கும் கோயில் அப்போது பக்கத்திலேயே வேறொரு தெருவில், வீட்டு அறை அளவில் இருந்தது. ஞாயிறு மாலையே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஐயர் சின்ன வயதுக்காரர், குளிருக்கு வேட்டிமேல் கம்பளிச் சட்டை. "நட்சத்திரம் தெரியாட்டில் சுவாமி பேருக்கே செய்யலாம், பிள்ளை" என்று எவ்வளவோ சொன்னார். செல்வராணி மசியவில்லை. பேர் சொல்லி, நட்சத்திரம் சொல்லிச் செய்தால்தான் அந்த ஆளுக்குப் போய்ச் சேருமாம். இல்லாவிட்டால் உலகத்தில் இருக்கிற எல்லா ஹோல்கருக்கும் பங்கு போய்விடுமாம். ஐயர் கடைசியில் இறங்கி வந்தார். "அப்ப பிறந்த தேதியும் நேரமும் கொண்டு வாங்கோ, நான் கணிச்சுத் தாறன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். டேனிஷ் பேசத் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான்.

நாடாளுமன்ற வேட்பாளரை, வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், வீட்டுக்குத் தொலைபேசி போட்டு, ஐயா நீங்கள் எத்தனை மணிக்குப் பிறந்தீர்கள் என்று கேட்கச் சொல்கிறார்கள். திருச்சியில் ஒரு வட்டச் செயலாளரைக்கூட அப்படிக் கேட்டுவிட முடியாது. முதலில் உதவியாளர், அப்புறம் அவருடைய உதவியாளர், அப்புறம் 'தலைவர் பூஜையில் இருக்கிறார்'. நடக்கிற காரியமா என்று ராத்திரி ஹோட்டலில் புரண்டு புரண்டு படுத்தேன். (ஹோட்டல் நூற்றிருபது பிராங்க். குளியலறை கீழே. பரிந்துரைக்க மாட்டேன்.)

திங்கட்கிழமை பகலில் ஊர் சுற்றினேன். ஈபிள் கோபுரம் பற்றி மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நானும் செல்வராணியும் நெருக்கிக்கொண்டு நின்றோம். ஆறு மணி டேனிஷ்காரர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம், வீட்டில்தான் இருப்பார் என்பது என் கணக்கு. வெளியே மணியண்ணையும் இன்னும் இரண்டு பேரும், பிரசவ வார்டு வாசலில் நிற்பது போல நின்றார்கள். ஐம்பது யூனிட் அட்டையைச் செருகி, பத்தொன்பது அழுத்தி, தொனி வரும்வரை காத்திருந்து, நாற்பத்தைந்து, அப்புறம் எண். அந்தக் காலத்துப் பிரான்சில் வெளிநாட்டுக்குப் பேசுவது அப்படித்தான்.

இரண்டே மணி அடித்தது. "ஹோல்கர்" என்றது ஒரு ஆண் குரல். வாயில் உருளைக்கிழங்கு இருந்தது.

அவரேதான். உதவியாளர் இல்லை, காவலாளி இல்லை, பூஜை இல்லை. செல்வராணி முழங்கையால் இடித்தார். நான் பாரிஸிலிருந்து பேசுகிறேன், மன்னிக்க வேண்டும், நீங்கள் பிறந்த தேதியும் நேரமும் வேண்டும் என்றேன். அவர் மென்று விழுங்கிவிட்டு, எதற்கு என்று கேட்டார். இங்கே ஒரு பெண் உங்கள் வெற்றிக்காகக் கோயிலில் வேண்டிக்கொள்ளப் போகிறார், அதற்கு வேண்டும் என்றேன். ஹோல்கர் வாய்விட்டுச் சிரித்தார். தேதியைச் சொன்னார். நேரம் விடிகாலை ஐந்தரை, பால் வண்டி வாசலில் நின்றபோது பிறந்ததாக அம்மா சொல்வார் என்றார். நான் கையில் எழுதிக்கொண்டேன். அத்தோடு வைத்திருக்கலாம். அவர்தான் விடவில்லை.

"பாரிஸில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு நான் ஏன்?" என்று கேட்டார்.

சொன்னேன். உங்கள் ஊரில் அவர் கணவர் இருக்கிறார், நீங்கள் அவருக்குக் காப்பி கொடுத்தீர்கள், நீங்கள் வென்றால் இவர் கணவரோடு போய்ச் சேரலாம் என்று நம்புகிறார்கள்.

அட்டையில் யூனிட் குறைந்துகொண்டே இருந்தது.

"அவரை எனக்கு நினைவிருக்கிறது. மீன் தொழிற்சாலை" என்றார் ஹோல்கர். "நான் சொல்வதை அப்படியே அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். முடியாது. அந்தக் குடும்பங்கள் இப்போது வரக்கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசியிருக்கிறேன். வென்றால் அப்படித்தான் வாக்களிப்பேன். எனக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லாதீர்கள், அது அவரை ஏமாற்றுவது ஆகிவிடும்."

பிறகு காப்பி எதற்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கோபம்தான். குரல் கூட உயர்ந்துவிட்டது.

"மழை பெய்துகொண்டிருந்தது. அவர் நனைந்திருந்தார்" என்றார்.

ஓட்டுக் கேட்கிறவன் ஒருவன், தன்னைக் கும்பிடத் தயாராக இருப்பவளிடம் முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்லி நான் அன்றுவரை கேட்டதில்லை. செல்வராணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தாரே அண்ணை, என்னவாம் என்று கேட்டார். ஏதாவது மழுப்பிவிடலாமா என்று நினைத்தேன். அப்புறம் புதன்கிழமை நினைவுக்கு வந்தது. வார்த்தைக்கு வார்த்தை சொல்லிவிட்டேன், மழை உட்பட.

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "நான் நேரிலை வந்து கேட்டாலும் மாறாரோ எண்டு கேளுங்கோ" என்றார். கேட்டேன். மாட்டேன் என்றார் ஹோல்கர்.

"சரி. சொன்னதுக்கு நன்றி எண்டு சொல்லுங்கோ."

நன்றி சொன்னேன். ஹோல்கர் அவருக்கு நல்லது நடக்கட்டும் என்றார். அட்டை தீர்ந்து போய் லைன் தானாகவே துண்டித்தது.

வெளியே வந்ததும் மணியண்ணை குதித்தார். விஷயத்தைக் கேட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தவர், கரண்டி இல்லாத கையை வீசிக்கொண்டு ஒரு விளக்கம் கொடுத்தார் பாருங்கள், இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. "தம்பி, எங்கடை எம்பியள் எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லிப்போட்டு ஒண்டும் செய்யேல்லை. அப்ப இல்லை எண்டு சொல்லுறவர் கட்டாயம் செய்வார். பிள்ளை, நீ புதன்கிழமை போகாதை!"

கூட நின்றவர்களும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, டென்மார்க்கில் பள்ளிக்கூடங்களைத் திறந்து வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த நேரத்தில், கோயிலுக்குப் போனேன். செல்வராணி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். எனக்கு முன்னால் குளித்து முழுகி நின்றுகொண்டிருந்தார். தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை. ஐயர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பிள்ளையாரின் முன்னால் நின்று, கொஞ்சமும் தடுக்காமல், "ஹோல்கர் நாமதேயஸ்ய, ரோகிணி நட்சத்திரே" என்று ஆரம்பித்துவிட்டார்.

தேங்காய் உடைந்ததும் செல்வராணியிடம் பொரிந்து தள்ளினேன். "என்னங்க இது? உங்களை வரவிடமாட்டேன்னு சொன்ன ஆளுக்கு வேண்டிக்கிறீங்களே?"

"நேர்ந்திட்டன் அண்ணை. அதை என்னெண்டு திருப்பி எடுக்கிறது?" என்றார். பிறகு திருநீற்றைப் பூசிக்கொண்டே சொன்னார்: "ஒண்டரை வரியமா எத்தினை பேரைக் கேட்டிட்டன். ஏஜென்டு, லோயர்மார், எங்கடை ஆக்கள். எல்லாரும் பாப்பம், பாப்பம். அந்தப் பாப்பத்தை நம்பித்தான் இருந்தனான். வெல்லட்டும் அந்த மனுசன்."

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மணியண்ணையின் கடைத் தொலைபேசி அடித்தது. நான் ரயிலுக்கு முன் விடைபெறப் போயிருந்தேன். தவராசா, இரவு வேலை முடித்துவிட்டு நேரே பேசுகிறார். கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "வெண்டிட்டார்! எங்கடை ஆள் வெண்டிட்டார்! ரேடியோவிலை சொன்னவை!"

அவருக்கு எதுவும் தெரியாது. திங்கட்கிழமையிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. மணியண்ணை கையை உயர்த்தி, பார்த்தாயா என்பது போல என்னைப் பார்த்தார். செல்வராணி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வெண்டிட்டாரோ? சந்தோசம்" என்றார். "நான் இப்ப ரந்தேவுக்குப் போறன். நான் சொல்லுறதைக் கேளுங்கோ. நான் அங்கை வரேல்லை. எனக்கு இஞ்சை காட் கிடைச்சால் நீங்கள் இஞ்சை வாங்கோ."

வென்ற செய்தியைச் சொல்ல ஓடிவந்த மனுஷன், அதே மூச்சில் எல்லாம் முடிந்துவிட்டது என்பதையும் கேட்கிறார். செல்வராணி, மிச்சத்தை இந்த அண்ணை வந்து சொல்லுவார் என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு பின்கட்டுக்குப் போய்ப் புறப்பட்டு வந்தார். அன்று பாரிஸில் நல்ல வெயில். அவர் காலில் அந்த ரோம பூட்ஸ்.

மணியண்ணை வாய் திறப்பதற்கு முன் அவரே சொன்னார்: "அவர் வாங்கித் தந்தது. போடாமல் போறதே?"

மெட்ரோ படியேறி அவர் போவதைப் பார்த்துவிட்டு நான் வட நிலையத்துக்கு நடந்தேன். திரும்பும் பயணத்தில் ஜன்னல் வழியே நான் ஒன்றையும் பார்க்கவில்லை. ஆல்போர்க்கில் தவராசாவிடம் நடந்ததைச் சொல்லி, காப்பிக்கும் மழைக்கும் வந்தபோது, அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நான் நனைஞ்சுதான் நிண்டனான், அண்ணை. அது உண்மை" என்று மட்டும் சொன்னார்.

செல்வராணிக்கு அடுத்த ஆண்டு பிரான்ஸ் அகதி அட்டை கிடைத்தது. அதற்கடுத்த வசந்தத்தில் தவராசா அதே ரயிலில், முறையான காகிதத்தோடு, பாரிஸ் வந்து இறங்கினார். நான் ஆல்போர்க்கில் அவரை ஏற்றிவிட்டேன். டென்மார்க் கதவு திறக்கும் என்று அங்கேயே வருடக்கணக்கில் காத்திருந்த தமிழர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஹோல்கர் அன்று மரியாதைக்காக 'பார்க்கலாம் அம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பெண்ணும் அவர்களோடு காத்திருந்திருப்பார். எனக்கு அவர்மேல் அன்று வந்த கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஒருவனுக்குக் காப்பி ஊற்றும் கை, அவன் மனைவிக்கு எதிராக எப்படி உயரும் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் உண்மை அதுதான்.

இனி நீங்கள் கேட்டவை. போன வருடம் ஆகஸ்ட் கடைசியில் தேர் பார்க்க மறுபடி போனேன், அதனால் விவரம் புதிது. வட நிலையத்திலிருந்து நடந்தே போங்கள். லா ஷப்பல் மெட்ரோ வாசலில் கூட்டம் நெருக்கும், பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு வழி தேடாதீர்கள். ரூ காயில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் யாழ்ப்பாணத்து முகங்கள் அதிகமோ அங்கே நுழையுங்கள். சோறும் கறியும் பன்னிரண்டு யூரோவுக்குள் முடியும், புட்டு மாலையில்தான். மணியண்ணை இப்போது இல்லை. ரூ பிலிப்-து-ஜிராரில் தவராசாவும் செல்வராணியும் ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். நான் போனபோது அவர்கள் மகள் கல்லாவில் இருந்தாள். நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் பிரெஞ்சில் பதில் சொன்னாள்.

தேரன்று கோயிலுக்குள் நுழைய முடியாது, மறுநாள் காலை போங்கள். ரூ பஜோலில் இருக்கிறது, சாப்பாட்டுக் கடைகளிலிருந்து ஐந்தாறு நிமிட நடை. அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது பெயரும் நட்சத்திரமும் சொல்ல வேண்டும், முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அவர்கள் இரண்டு பேரோடும் போய் நின்றேன். ஐயர் புதியவர், இளைஞர். தவராசா பெயர், செல்வராணி பெயர், மகள் பெயர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், கொஞ்சமும் நிறுத்தாமல், "ஹோல்கர், ரோகிணி நட்சத்திரே" என்றார்.

இன்னுமா என்று செல்வராணியைப் பார்த்தேன்.

"உயிரோடை இருக்கிறாரோ தெரியாது, அண்ணை. இருந்தாலும் நல்லாயிருக்கட்டும்" என்றார். "அவர் அண்டைக்கு இல்லை எண்டு சொன்னபடியால்தான் இவர் இஞ்சை நிக்கிறார்."

பக்கத்தில் தவராசா கையை நீட்டி விபூதி வாங்கிக்கொண்டிருந்தார்.